முற்றத்தில் விழுந்த மழை

பழைய வீட்டைப் பற்றி எழுதாத தமிழ்க் கதாசிரியன் அநேகமாகக் கிடையாது. நானும் எழுதியிருக்கிறேன். இரண்டு நாவல்கள், சிறுகதைகளுக்குக் கணக்கு வைக்கவில்லை. ஊர்ப் பெயரையும் மனிதர்களின் பெயரையும் மாற்றி வைத்திருந்தாலும் அவற்றில் வருவது ஒரே வீடுதான். குமராட்சியில் என் தாத்தா கட்டிய வீடு. இருபது வருஷமாக அந்த வீட்டை விற்றுத்தான் எழுத்தாளனாகப் பிழைத்து வந்திருக்கிறேன் என்று சொன்னால் அது பெரிய மிகையல்ல. ஆகவே, "வீட்டை இடிக்கப் போறாங்கடா, நீ உடனே வா" என்று மாமா டெலிபோனில் சொன்னபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

குமராட்சி சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகிற சாலையில் இருக்கிறது. தெற்கே கொள்ளிடம். கீழணையில் பிரிந்து வருகிற வடக்கு ராஜன் வாய்க்கால் பாய்கிற பூமி. மேற்கே போனால் வீராணம் ஏரி. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் குதிரையின் மேலிருந்து பார்த்து வியந்த அதே ஏரிதான். எங்கள் ஊருக்கு அப்படிப்பட்ட பெருமை ஒன்றுமில்லை. ஊராட்சி ஒன்றிய அலுவலகம் உண்டு, நெல் உண்டு, மழைக்காலத்தில் வேண்டிய மட்டும் தண்ணீர் உண்டு.

என் அக்காவைத் தாய்மாமனுக்கே கொடுத்தார்கள். எனவே தாத்தா வீடு அவளுக்குப் புகுந்த வீடாயிற்று; எனக்கு அது கடைசி வரை லீவு வீடாகவே இருந்தது. தீபாவளிக்கும் அரைப் பரீட்சை லீவுக்கும் அங்கே போய்விடுவேன். பிறகு சிதம்பரத்தில் கல்லூரியில் பெயருக்கு இரண்டு வருஷம் படித்தபோதும் சனி, ஞாயிறுகளில் அங்கேதான் சாப்பாடு. இந்த விவரத்தை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னால் வரும்.

போய்ப் பார்த்தால் மாமா சொன்ன மாதிரி இடிப்பு ஒன்றுமில்லை. வீட்டைப் புதுப்பிக்கிறார்கள், அவ்வளவுதான். சிங்கப்பூரில் வேலையாக இருக்கும் அக்கா மகன் பணம் அனுப்பியிருந்தான். முற்றத்துக்கு மேலே தளம் போட்டு மூடி அதைக் கூடமாக்குவது. கொல்லைப் பக்கத்தில் இருட்டுக்குள் கிடந்த அடுப்படியைக் கிழக்கே கொண்டு வந்து, நின்றுகொண்டு சமைக்க மேடை கட்டி, கிரானைட் பதித்து, சிங்க் வைத்து, பெரிய ஜன்னல் விடுவது. தரை முழுவதும் டைல்ஸ். சுவருக்குப் புட்டி தடவி எமல்ஷன். முன்னால் திண்ணையை எடுத்துவிட்டு வண்டி நிறுத்த இடம். பையன் இதையெல்லாம் படமாகவே செல்போனில் அனுப்பியிருந்தான். படத்தில் வீட்டின் முகப்பு பழுத்த ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. என் மனசுக்கு அது ஒரு புதுப் பணக்காரர் சிரிக்கிற மாதிரி பட்டது.

மாமா திண்ணையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். கொத்தனார் வந்து அளவெடுக்க வேண்டும் என்றால்கூட எழுந்திருக்கவில்லை. "நீ நாலு வார்த்தை சொல்லு. நீ எழுதுறவன். உன் பேச்சுன்னா கேப்பா" என்றார்.

நானும் பேசினேன். பேச்சை ரயிலிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். செட்டிநாட்டில் இந்த மாதிரி முற்றம் வைத்த வீடுகளை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள், வெளிநாட்டுக்காரன் பணம் கொடுத்து வந்து தங்குகிறான் என்றேன். காற்றையும் வெளிச்சத்தையும் சிமெண்டு போட்டு மூடுவது பாபம் என்றேன். இந்தச் சிவப்புத் தரையின் வழவழப்பை எந்த டைல்ஸும் தராது என்றேன். என் நாவலில் ஓர் அத்தியாயம் முழுவதும் முற்றத்தில் மழை விழுவதைப் பற்றியே எழுதியிருக்கிறேன், அதைப் படித்துவிட்டு முன்பின் தெரியாதவர்களெல்லாம் எனக்குக் கடிதம் எழுதினார்கள், அந்த முற்றத்தையா மூடப் போகிறாய் என்று கேட்டேன்.

அக்கா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். முடித்த பிறகு, "நானும் படிச்சேன் தம்பி" என்றாள். "மழை முத்தத்துல விழுது, ஓட்டு நுனியிலேருந்து நாலு பக்கமும் வெள்ளிக் கம்பி மாதிரி இறங்குதுன்னு நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா தூம்பு அடைச்சுக்குமே. ஐப்பசி மழையில ஒரு தடவைகூட அது அடைக்காம இருந்ததில்லை. தண்ணி தாழ்வாரத்துக்கு ஏறிடும்னு நான்தான் குந்திக்கிட்டு மொண்டு மொண்டு கொல்லையில கொண்டு போய் ஊத்துவேன். ஆயா பின்னாலேயே நின்னு, 'சீக்கிரம், சீக்கிரம்'னு சொல்லிக்கிட்டிருப்பாங்க. அதை ஒரு வரி எழுதக் கூடாதா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அவள் தண்ணீர் மொண்டு ஊற்றியது எனக்கு ஞாபகமே இல்லை. மழை ஞாபகம் இருக்கிறது; ஓடு ஞாபகம் இருக்கிறது; கத்திக் கப்பல் செய்து விட்டது ஞாபகம் இருக்கிறது. பத்தொன்பது வயசில் கல்யாணமாகி வந்த என் கூடப் பிறந்தவள் அந்தத் தண்ணீரிலேயே குனிந்து நின்றிருக்கிறாள். அவளைக் காணோம்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கதாசிரியனுக்கு வேறு விதமான தண்டனை எதுவும் வேண்டியதில்லை. தன் புத்தகத்தைத் தானே படித்தால் போதும். படிக்கவில்லை, ஆனால் மனசிலேயே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் புத்தகத்தோடு, எனக்குப் பிடித்த மற்றவர்களின் புத்தகங்களையும் புரட்டினேன். இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்ததுதான்.

முதலில் ஒரு சின்ன விஷயத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் காப்பாற்றப் புறப்பட்ட பழமை அவ்வளவு பழையதல்ல. சிவப்புத் தரை என்றால் சிமெண்டும் ரெட் ஆக்சைடும்தான். இந்தியாவில் சிமெண்டு செய்து பார்க்கும் முயற்சி சென்னையில் 1904-இல் நடந்தது. போர்பந்தரில் ஒரு தொழிற்சாலை 1914-இல் உற்பத்தியை ஆரம்பித்த பிறகுதான் அது ஒரு தொழிலாயிற்று. நம் ஊர்களில் சீமை ஓடு என்று சொல்லும் மங்களூர் ஓடு, பாசல் மிஷனைச் சேர்ந்த பாதிரிமார்கள் 1860-களில் மங்களூரில் தொழிற்சாலை வைத்துச் செய்யத் தொடங்கியது. கூடத்துச் சுவரில் தாத்தா மாட்டியிருந்த லட்சுமி படத்துக்கு மூலம், ரவி வர்மா 1894-இல் பம்பாயில் வைத்த அச்சுக்கூடம். தாத்தா அந்த வீட்டைக் கட்டியது 1950-களில். அதற்கு முன்பு அதே மனையில் நாட்டு ஓடு வேய்ந்த, சாணி மெழுகிய தரை போட்ட மண் வீடு இருந்ததாம். அதை இடித்தபோது தாத்தாவின் அம்மா என்ன சொன்னாளோ, அழுதாளோ! அதை எழுதி வைக்க வீட்டில் எழுத்தாளன் ஒருவனும் இல்லை. தாத்தா தப்பித்துக்கொண்டார்.

இது நிற்க. நம் கதைகளில் பழைய வீடு பெரும்பாலும் ஓர் ஆண்பிள்ளையின் ஞாபகமாகத்தான் வருகிறது. அந்த ஆண்பிள்ளையும் பெரும்பாலும் அங்கே வசித்தவன் அல்ல, அங்கிருந்து போனவன். பட்டணத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு ஊர் வீட்டை நினைக்கிறவன். அந்த வீட்டில் அவனுக்குச் சோறு போட்டார்கள். எச்சில் இலையை வேறு யாரோ எடுத்தார்கள். மாறுதல் என்றால் அவனுக்குத் துக்கம் வருவது நியாயந்தான். அவனைப் பொறுத்த வரையில் அந்த வீட்டில் குறை என்று எதுவுமே இருந்ததில்லை.

வீட்டைப் புதுப்பிப்பதையே கதையாக வைத்து நம் மொழியில் வந்த நாவல்களில் மிகவும் அழகானது ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்.' 1973-இல் வெளிவந்தது. ஜெயகாந்தன் எங்கள் பக்கத்துக்காரர். 1934-இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். அதனால் எனக்கு அவரிடம் கொஞ்சம் உறவு கொண்டாடுகிற புத்தியும் உண்டு. பதினெட்டு வயசில் முதல் தடவை அந்த நாவலைப் படித்தேன். பிறகு எத்தனை தடவை என்று சொல்ல முடியாது. நான் பழைய வீட்டை எழுத வந்ததற்கே அந்தப் புத்தகம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். ஹென்றி என்ற இளைஞன், தன்னை வளர்த்த சபாபதிப் பிள்ளை இறந்த பிறகு, அவருடைய ஊரான கிருஷ்ணராஜபுரத்தைத் தேடி வருகிறான். யுத்த காலத்தில் பர்மாவிலிருந்து ஜனங்கள் நடந்து தப்பி வந்தபோது கிடைத்த குழந்தை அவன். ஜாதி இல்லை, குலம் இல்லை, உறவு என்று எதுவும் இல்லை. பப்பா சொல்லிச் சொல்லி அந்த ஊரையும் வீட்டையும் கண்ணால் பார்க்காமலே அவன் அறிந்து வைத்திருக்கிறான். வீடு வெகுகாலமாகப் பூட்டிக் கிடக்கிறது. பப்பாவின் தம்பி, லாரி ஓட்டும் துரைக்கண்ணு, சொத்துக்காகச் சண்டை பிடிக்க வேண்டியவர். அவர் இவனைக் கண்டு உருகிப்போகிறார். பள்ளி ஆசிரியர் தேவராஜன் நண்பனாகிறான். ஊரே ஒத்தாசை செய்ய, பூட்டிய வீடு திறக்கிறது, புழுதி போகிறது, சுவர் எழுகிறது, கிரகப்பிரவேசம் நடக்கிறது.

இதில் ஜெயகாந்தன் செய்திருக்கிற பெரிய காரியம் என்னவென்றால், பழைய வீட்டைப் பற்றி எழுதியும் பிலாக்கணம் வைக்கவில்லை. ஹென்றி பழமையை வணங்க வந்தவனல்ல. வீடு என்பது அவனுக்கு ஒரு பிரியம். அந்தப் பிரியத்துக்கு ரத்த சம்பந்தம்கூடத் தேவையில்லை என்பதை எத்தனை சாதாரணமாகச் சொல்லிவிட்டார்! சொத்து என்றால் கோர்ட்டு என்று இருக்கிற நம் நாட்டில், கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் ஒருவரையொருவர் பார்த்துச் சந்தோஷப்படுகிற காட்சியை நம்பும்படி எழுதுவது சாமானியமல்ல. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு இப்போதும் கண் கலங்கும்.

ஆனால் அன்று ராத்திரி குமராட்சித் தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டு யோசித்தபோது, இத்தனை வருஷமாகத் தோன்றாத ஒன்று தோன்றிற்று. ஹென்றியின் வீடு காலி வீடு. அவன் சுவரைத் தொட்டால், "ஐயோ, அதைத் தொடாதே" என்று சொல்ல உள்ளே யாருமில்லை. "அந்தச் சுவரை முதலில் இடி, முப்பது வருஷமாக என் உயிரை வாங்குகிறது" என்று சொல்லவும் யாருமில்லை. வீட்டைப் புதுப்பிப்பதில் உள்ள கஷ்டம் கொத்தனார் கூலியல்ல. அதில் இருக்கிற ஜனங்கள். ஜெயகாந்தன் அந்தக் கஷ்டத்தை முன்கூட்டியே காலி செய்துவிட்டுத்தான் கதையை ஆரம்பிக்கிறார். அவருடைய வெளிச்சத்துக்கெல்லாம் காரணம் அதுதான். இது குறையா என்றால், இல்லை. ஒரு கலைஞன் தனக்கு வேண்டிய இடத்தைத் தேர்ந்துகொள்ளலாம். அந்த வெளிச்சத்தை எடுத்து வந்து, ஆள் இருக்கிற வீட்டிலெல்லாம் ஏற்றப் பார்த்த என்னைப் போன்றவர்களின் கதைகளில்தான் குறை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நாவலில் சித்தம் கலங்கிய ஒரு பெண் எங்கிருந்தோ வந்து சேர்கிறாள். பேபி என்று அவளைக் கூப்பிடுகிறார்கள். ஹென்றி அவளுக்கு உடுத்தக் கொடுத்து, சோறு கொடுத்து, இடம் கொடுக்கிறான். கிரகப்பிரவேச சமயத்தில் அவள் வந்த மாதிரியே போய்விடுகிறாள். பதினெட்டு வயசில் அது எனக்கு ஒரு கவிதை மாதிரி இருந்தது. இப்போது அது ஒரு கேள்வி மாதிரி இருக்கிறது. புதுப்பித்த வீட்டில் தங்க வேண்டிய ஒரே பெண் தங்கவில்லை. ஜெயகாந்தன் தெரிந்துதான் செய்திருப்பார் என்று இப்போது எனக்குப் படுகிறது. நான்தான் படிக்கத் தெரியாமல் படித்தேன்.

ஆள் நிறைந்த வீட்டில் மாறுதல் என்ன பாடு படும் என்பதற்கு வேறு ஒரு கதை இருக்கிறது. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை.' 1988-இல் அந்தப் பெயரிலேயே தொகுப்பும் வந்தது. கதை நடப்பது நம் ஊரில் அல்ல. ராஜஸ்தானத்தில், ஒரு பெரிய கூட்டுக் குடும்பத்தில். தெற்கேயிருந்து மருமகளாகப் போன மீனாட்சியின் கண் வழியாகப் பார்க்கிறோம். வீடு பெரியது, அறைகள் பல. எல்லாவற்றுக்கும் கடைசியில், போனால் போகிறது என்று ஒட்ட வைத்த மாதிரி சமையலறை. மங்கலான விளக்கு, தண்ணீர் சரியாகப் போகாத தொட்டி. ஆனால் ஜன்னலுக்கு வெளியே பச்சை மலைகள். இத்தனை பேருக்குச் சமைக்கிற ஸ்திரீகள் அந்த இருட்டுக்குள் நிழல்கள் மாதிரி நடமாடுகிறார்கள்.

மீனாட்சி பெரிய புரட்சி எதுவும் செய்யவில்லை. சமையலறையை ஒட்டிய வெளித் தாழ்வாரத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தலாம், கழுவுவதற்கு வசதி செய்யலாம் என்று மாமனாரிடம் ஒரு யோசனை சொல்கிறாள். ஒரு கொத்தனாரும் இரண்டு சித்தாள்களும் சில நாளில் முடித்துவிடக் கூடிய வேலை. அதற்கு வீட்டில் ஏற்படுகிற கலவரத்தைப் பார்க்க வேண்டும்! மருமகள் சுவரைப் பற்றிப் பேசிவிட்டாள். பதில் வாயால் வரவில்லை. அந்த இடத்தில் துணி காயப் போடக் கயிறு கட்டிவிடுகிறார்கள். துணிகள் தொங்குகின்றன, மலை மறைந்துவிடுகிறது.

கதாசிரியன் என்ற முறையில் அந்தக் கயிற்றைப் பார்த்து எனக்குப் பொறாமை. என்னிடம் கொடுத்திருந்தால் மாமனாரைக் கர்ஜிக்க விட்டிருப்பேன். மருமகளை அழ விட்டிருப்பேன். நாலு பக்கம் போயிருக்கும். அம்பைக்கு ஒரு கயிறு போதுமாக இருக்கிறது. மாறுதலை எதிர்க்கிறவர்கள் உலகத்தில் எங்கும் அப்படித்தான் எதிர்க்கிறார்கள். "கூடாது" என்று யாரும் சொல்வதில்லை. அந்த இடத்துக்கு வேறு உபயோகம் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

மாமியார் இன்னும் சுவாரஸ்யமான பாத்திரம். அந்த இருட்டு மூலைதான் தன் ராஜ்யம் என்று நம்புகிறவள்; அதை விட்டுக்கொடுக்காதே என்று மருமகளுக்குப் புத்தி சொல்கிறவள். அவளை அம்பை கேலி செய்யவில்லை. வேறு ராஜ்யம் எதுவும் கிடைக்காதவள் கிடைத்த மூலையை இறுகப் பிடித்துக்கொள்கிறாள் என்பது தெரிந்து எழுதியிருக்கிறார். எங்கள் ஆயாவும் அப்படித்தான். "சீக்கிரம், சீக்கிரம்" என்று அக்காவின் பின்னால் நின்ற ஆயா, அதே முற்றத்தில் அதே தூம்போடு நாற்பது மழைக்காலம் மல்லுக்கட்டியவள். அந்தத் தூம்பைச் சரி செய் என்று தாத்தாவிடம் ஒரு தடவையாவது கேட்டிருப்பாளா? கேட்டிருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

கதையின் கடைசிப் பகுதி பற்றி எனக்கு ஓர் ஆட்சேபம் இருந்தது. நோயாகப் படுத்திருக்கும் மாமியாரின் பக்கத்தில் இருந்து மீனாட்சி பேசுகிறாள். சமையலறையும் நகைகளும் இல்லாமல் போயிருந்தால் நீ வேறு என்னவெல்லாம் ஆகியிருக்கலாம் என்கிற தோரணையில். கதை அதுவரை பொருள்களின் மூலமாகப் பேசிவிட்டு இங்கே வாய் திறந்து பேசுகிறதே, கயிறு சொன்னது போதாதா என்று ஒரு கூட்டத்தில் நானே விமர்சித்திருக்கிறேன். கைதட்டல்கூடக் கிடைத்தது.

மறுநாள் சிதம்பரத்துக்குப் போய்ப் புத்தகத்தைத் தேடி வாங்கி வந்து அக்காவிடம் கொடுத்தேன். அடுப்படியைப் பிரித்துப் போட்டிருந்ததால் கொல்லையில் கீற்றுச் சார்ப்பு ஒன்று போட்டு, மூன்று செங்கல் வைத்து அதில்தான் சமையல். குழம்பு கொதிக்கிற நேரத்தில் அங்கேயே மணையில் உட்கார்ந்து படித்து முடித்தாள். கயிறு கட்டுகிற இடத்தில் அவள் சிரித்தது திண்ணை வரை கேட்டது. "எங்க வீட்டுக்கு வந்து பாத்துட்டுத்தான் எழுதியிருக்காங்க" என்றாள்.

நான் என் ஆட்சேபத்தைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அந்தப் பொண்ணு பேசட்டும் தம்பி. ஆயா கிடந்தாங்களே எட்டு மாசம், நானும் தினம் ராத்திரி பேசினேன். கேட்டுச்சோ இல்லையோ. அவங்க நல்லா இருந்தப்ப பேச முடியலை. படுத்தப்புறம்தான் பேச முடிஞ்சுது."

அவள் என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. என் ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அந்தக் கூட்டத்தில் கைதட்டியவர்களுக்கு இதைத் தெரியப்படுத்த வேறு வழியில்லாததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் அங்கே இருந்த பத்து நாளில் சித்தாள் வேலைக்கு வந்த ஓர் அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன். எழுத்தாளனுக்கு இது ஒரு கெட்ட பழக்கம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்ததே, கடலூர் ஜில்லாவில் அன்று கூரை பறக்காத குடிசை எங்கே இருந்தது? அவளுடைய குடிசையும் போயிற்று. அதற்குப் பிறகு சர்க்கார் திட்டத்தில் கான்கிரீட் வீடு கிடைத்தது. அவள் தங்கைக்கு இப்போது கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் மனு போட்டிருக்கிறார்களாம். 2024-இல் தொடங்கிய திட்டம் அது. வீடு ஒன்றுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி. 2030-க்குள் தமிழ்நாட்டில் குடிசையே இருக்கக் கூடாது என்பது நோக்கம்.

"பழைய கூரை வீட்டுல குளிர்ச்சியா இருந்திருக்குமே?" என்று கேட்டேன். கேட்கும்போதே இது என் நாவல் கேட்கிற கேள்வி என்று தெரிந்தது.

"குளிர்ச்சிதான் சார்" என்றாள். "ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கீத்து மாத்தணும். கீத்து வாங்கக் காசு இல்லாத வருசம் பிள்ளைங்களை மூலைக்கு மூலை மாத்தி மாத்திப் படுக்கப் போடணும். கொள்ளிடத்துல தண்ணி வந்தா செவுரு கரையும். இதுல அதெல்லாம் இல்லை. ஆனா சித்திரையில உள்ளார இருக்க முடியாது. வெந்துபோயிடும். அதனால முன்னால ஒரு கீத்துக் கொட்டா போட்டுக்கிட்டோம். பகலுக்கு அது, ராத்திரிக்கு இது."

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இதை நிறையப் பார்க்கலாம். பின்னால் சர்க்கார் கட்டிய தளம், முன்னால் இவர்களாகப் போட்ட கீற்று. பழமையா, புதுமையா என்று பட்டணத்தில் நாங்கள் கூட்டம் போட்டு விவாதிக்கிற விஷயத்தை அவர்கள் பகலுக்கும் ராத்திரிக்குமாகப் பங்கு போட்டு முடித்துவிட்டார்கள். இவர்களைப் பற்றிப் பழைய வீட்டுக் கதை ஏன் யாரும் எழுதுவதில்லை என்பதையும் யோசித்தேன். ஓடு வேய்ந்தவனுக்குத்தான் ஓடு போனால் வருத்தம். எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையைப் பற்றி நான் எழுதியதெல்லாம், வழிப்போக்கன் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பது போல இருக்கும். அந்த அம்மாளின் பாட்டனார் வந்து உட்கார்ந்திருக்க முடியாது. அதுவும் என் புத்தகத்தில் இல்லை.

திண்ணை விஷயத்தில் கடைசியில் ஒரு ராஜி ஏற்பட்டது. ஒரு பக்கத்துத் திண்ணையை எடுத்தார்கள், இன்னொரு பக்கத்தை மாமாவுக்கு விட்டார்கள். அவர் அதில் உட்கார்ந்துகொண்டு வேலை செய்கிறவர்களுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார். பதினைந்து நாளில் புது வீடு முழுவதும் தன்னுடைய யோசனை என்று பேசத் தொடங்கிவிட்டதாகக் கேள்வி. ஆரஞ்சு வர்ணம் மட்டும் அக்காவுக்கே பிடிக்கவில்லை. வெளிர் மஞ்சள் அடித்தார்கள்.

வேலை முடிந்து இரண்டு மாதம் கழித்துப் போனேன். வெயில் நேரத்தில் கூடத்தில் முன்பு இருந்த காற்று இல்லை என்பதை நான் சொல்லாமலிருந்தாலும் ஃபேன் சொல்லிற்று. வடாம் காயப் போட அக்கா முழங்கால் வலியோடு மொட்டை மாடிக்கு ஏறி இறங்குகிறாள். முற்றம் இருந்தால் அங்கேயே போட்டிருக்கலாம். இதை யாரும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. டைல்ஸ் தரை ஈரம் பட்டால் வழுக்குகிறது என்று, சிங்கப்பூர்ப் பணத்தில் பதித்த அந்தப் பளபளப்பின் மேல் நெல் மூட்டைச் சாக்கைப் பிரித்து விரித்து வைத்திருந்தாள். பையன் படத்தில் பார்த்தால் அழுதுவிடுவான்.

அவள் புது அடுப்படி ஜன்னலோரம் நின்றுகொண்டு காப்பி கலந்தாள். நான் பிறந்தது முதல் அவள் நின்றுகொண்டு காப்பி கலந்து பார்த்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு முருங்கை மரம். மலை ஒன்றும் இல்லை.

"எப்படி இருக்கு அக்கா?" என்றேன்.

"வெளிச்சமா இருக்கு. பாத்திரத்துல கரி எங்கெங்க ஒட்டியிருக்குன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள்.

என் நாவலுக்கு மறுபதிப்பு வரப்போகிறது. திருத்தம் இருந்தால் செய்து அனுப்பும்படி பதிப்பாளர் கேட்டிருந்தார். மழை அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தேன். ஒரு பெண்ணைக் கொண்டு வந்து நடுவில் குனிந்து தண்ணீர் மொள்ள வைத்தால், அந்தப் பக்கத்தில் சந்தோஷமாகக் கப்பல் விடுகிற பையன் என்ன ஆகிறான்? அவனைத் தூக்கிவிட்டால் அத்தியாயம் இல்லை. அவனை விட்டு வைத்தால் அவன் அவளைப் பார்த்தாக வேண்டும். அன்று அவன் பார்க்கவில்லை. எந்த வாக்கியத்தைத் தொட்டாலும் அடுத்த வாக்கியம் சரிந்தது. வீட்டு வேலைதான் சுலபம் என்று தோன்றிற்று.

கடைசியில் விவரமாவது சரியாக இருக்கட்டும் என்று அக்காவுக்கு டெலிபோன் செய்தேன். "அந்தத் தண்ணியை எதால மொண்டு ஊத்தினே? சொம்பாலயா?" என்று கேட்டேன்.

"சொம்பா? சொம்பு எந்த மூலைக்கு? டால்டா டப்பாடா. பெரிய டப்பா, நாலு கிலோ டப்பா. உனக்கு ஞாபகம் இல்லையா? அதைத்தானே நீ தூக்கிக்கிட்டுப் போயி வாய்க்கால்ல மீன் பிடிச்சு வச்சுப்பே. மழை வந்தா நான் டப்பாவைக் காணோம்னு தேடிக்கிட்டு அலைவேன்."

டப்பா நாவலில் இருக்கிறது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில், நாலு கெண்டைக் குஞ்சுகளோடு.